கோபாலபுரத்தில் ஒரு ரோட்டரி எஞ்சின்: பழைய காருக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

பழைய ரோட்டரி எஞ்சின் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஸ்பார்க் பிளக் பொருந்தும் என்று கேட்டால், ஆளுக்கொரு விடை சொல்வார்கள். ஒருவர் இரிடியம்தான் என்பார். இன்னொருவர் கோல்ட் பிளக் போடாவிட்டால் எஞ்சின் போய்விடும் என்பார். மூன்றாமவர், நூல் பொருந்தினால் எதையும் மாட்டலாம் என்பார். மூன்று பேச்சிலும் விட்டுப்போவது ஒன்றுதான்: அந்தக் கார் தினமும் எங்கே, எவ்வளவு தூரம், எந்த வேகத்தில் ஓடுகிறது என்ற கணக்கு. கோபாலபுரத்தில் நிற்கும் காருக்கு அந்தக் கணக்கு மற்ற எதையும்விட முக்கியம்.

மஸ்டா என்ற பெயரைத் தமிழ்நாட்டில் பலரும் முதலில் பார்த்தது பள்ளி வேன்களின் முகப்பில்தான். 1983இல் தொடங்கிய ஸ்வராஜ் மஸ்டா நிறுவனத்தின் அந்த வேன்களும் சிறு லாரிகளும் டீசலில் ஓடியவை. ஸ்பார்க் பிளக் என்ற பேச்சே அவற்றில் இல்லை. அதே மஸ்டாதான் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கல் வடிவமைத்த ரோட்டரி எஞ்சினை 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் வைத்து விற்றது. 1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார்கள் வந்தன. 2003 முதல் 2012 வரை ஆர்எக்ஸ்-8. இவை எதையும் மஸ்டா இந்தியாவில் கடை திறந்து விற்கவில்லை. தனியாரின் ஆர்வத்தால் கடல் தாண்டி வந்தவையே இங்கே உண்டு. அப்படி ஒரு காரை வைத்திருப்பவருக்குச் சர்வீஸ் சென்டர் கிடையாது. அவருக்குத் துணை ராயப்பேட்டை மெக்கானிக்கும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகளும், தன் சொந்தப் புரிதலும்தான். அந்தப் புரிதலுக்கு உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எஞ்சின் பிளக்கை நடத்தும் விதம்

சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு பிளக் ஒருமுறை பொறி விடும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது 1500 பொறி. இடையில் குளிர்ந்த பெட்ரோல்-காற்றுக் கலவை உள்ளே வரும்போது பிளக்கின் மூக்கும் கொஞ்சம் ஆறிக்கொள்ளும்.

ரோட்டரியில் முக்கோண ரோட்டர் ஒருமுறை சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். ரோட்டருக்கு மூன்று பக்கம். ஆகவே தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு எரிதல். அதே 3000 சுற்றில் ஒரு பிளக் 3000 பொறி விட வேண்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7இல் ஒரே இக்னிஷன் காயில், இரண்டு ரோட்டர்களிலும் கீழே இருக்கும் லீடிங் பிளக்குகளுக்குச் சேர்த்தே மின்சாரம் அனுப்புவதால், அந்தப் பிளக்குகள் ஒவ்வொன்றும் 6000 பொறி விடும். பாதிப் பொறிகள் எரிக்க எதுவும் இல்லாத நேரத்தில் விழுகின்றன. ஆனாலும் முனை தேயத்தான் செய்யும்.

இன்னொரு சுமையும் உண்டு. ரோட்டரியில் கலவை உள்ளே வருவது ஒரு பக்கம், எரிவது எதிர்ப்பக்கம். குளிர்ந்த கலவை பிளக் இருக்கும் பக்கத்தைத் தொட்டு ஆற்றுவதில்லை. பிளக் எப்போதும் சூட்டுப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. அதனால்தான் ரோட்டரிக்குச் சூட்டை வேகமாகக் கடத்தும் பிளக், அதாவது கோல்ட் பிளக், தேவைப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் அதே எஞ்சினில் இருக்கிறது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் தேயாமல் இருக்க, ஆயில் பம்ப் ஒன்று சிறிது எஞ்சின் ஆயிலை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஆயிலும் எரிந்து கரியாகவும் சாம்பலாகவும் பிளக்கில் படியும். கரியைத் தானே எரித்துக்கொள்ள பிளக்கின் மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். 870 டிகிரியைத் தாண்டினால், பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ரோட்டரியில் அந்தத் தவறான எரிதல் ஏபெக்ஸ் சீலை உடைத்து எஞ்சினையே பிரிக்க வைத்துவிடும். பிளக் தேர்வு என்பது இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே நிற்கும் வேலை.

லீடிங், டிரெய்லிங்

ரோட்டரியின் எரியும் அறை நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும். ஒரு பொறியால் தீ அறை முழுதும் பரவாது. அதனால் ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக்: கீழே லீடிங், மேலே டிரெய்லிங். 1991இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரில் ஒரு ரோட்டருக்கு மூன்று பிளக் இருந்தன.

பிளக்கைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து, ரோட்டர் சுற்றும் கூடான ஹவுசிங்கைப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். லீடிங் துளை பெரிது; டிரெய்லிங் துளை சிறிது. டிரெய்லிங் இடத்தை ஏபெக்ஸ் சீல் கடக்கும்போது சீலின் இருபுறமும் அழுத்த வித்தியாசம் அதிகம். துளை பெரிதாக இருந்தால் வாயு அந்த வழியாகப் பக்கத்து அறைக்குக் கசியும். பிளக்கின் முனை இந்தத் துளைக்குப் பின்னே உள்ளடங்கி நிற்கிறது. துளையின் விளிம்பை உரசியபடியேதான் சீல் ஒவ்வொரு முறையும் கடக்கிறது. முனை உள்ளே நீட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இதனால்தான் ரோட்டரி பிளக்கின் முகம் வேறு மாதிரி இருக்கிறது. சாதாரண பிளக்கில் நடு முனைக்கு மேலே கொக்கி போல ஒரு எர்த் முனை வளைந்திருக்கும். ரோட்டரி பிளக்கில் நடு முனையைச் சுற்றிப் பக்கவாட்டில் பல எர்த் முனைகள் நிற்கும். ஒன்று தேய்ந்தாலும், கரி பிடித்தாலும், பொறி அடுத்த முனைக்குத் தாவும். இந்த பிளக்கின் கேப்பை, அதாவது முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை, சுத்தியலால் தட்டிக் குறைப்பது கூடாது. கேப் அளவு மாறிவிட்டதென்றால் அந்த பிளக்கின் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண் சொல்வது என்ன?

முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7இன் பிற்காலக் கார்களுக்கு நான்கு இடத்திலும் ஒரே பிளக்: என்ஜிகே கம்பெனியின் பி.ஆர். 8 இ.க்யூ.-14. கடைசியில் உள்ள 14 என்பது 1.4 மி.மீ. கேப். இரண்டாம் தலைமுறைக்கு லீடிங்கில் பி.யு.ஆர். 7 இ.க்யூ., டிரெய்லிங்கில் பி.யு.ஆர். 9 இ.க்யூ. மூன்றாம் தலைமுறைக்கு அதே எண்களின் பிளாட்டினம் வடிவம், கடைசியில் பி. என்ற எழுத்து கூடும். ஆர்எக்ஸ்-8க்கு லீடிங்கில் ஆர்.இ. 7 சி-எல், டிரெய்லிங்கில் ஆர்.இ. 9 பி-டி.

என்ஜிகே முறையில் எண் கூடக்கூட பிளக் கோல்ட். ஆகவே 7ஐவிட 9 கோல்ட். கடைக்காரர் இடம் மாற்றிச் சொன்னாலும், வீட்டில் நாமே கலந்துவிட்டாலும், லீடிங்கும் டிரெய்லிங்கும் மாறிவிடும். கழற்றும்போதே ஒவ்வொன்றுக்கும் இடத்தை எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

கம்பெனி மாறினால் எண்ணின் திசையும் மாறும் என்பது சென்னைக் கடைகளில் அடிக்கடி குழப்பம் தரும் விஷயம். டென்சோவில் எண் கூடினால் கோல்ட். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் ஹாட், அதாவது சூட்டை மெதுவாகக் கடத்தும் பிளக். பாஷின் பழைய குறியீடோ இதற்கும் தலைகீழ். பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் பாஷ் தொழில்நுட்பத்தில்தான் பிளக் செய்தது. அதுவே 2008இல் பாஷ் லிமிடெட் ஆனது. பழைய முறையில் டபிள்யூ 145, டபிள்யூ 175, டபிள்யூ 225 என்று எண் ஏற ஏற கோல்ட். புதிய முறையில் இவை முறையே 8, 7, 5. பழைய சரக்கையும் புதிய சரக்கையும் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், நேர் எதிரானதை வாங்கிவிட வாய்ப்பு உண்டு.

நீளம் இன்னொரு கண்ணி. இங்கே பலர் ஓட்டிப் பழகிய இரண்டு கார்களே இதற்குப் போதிய உதாரணம். வண்டலூர் அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் எஞ்சினுக்கு அரை அங்குல நூல் கொண்ட பிளக். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினுக்கு முக்கால் அங்குலம். இரண்டும் 14 மி.மீ. தடிமன்தான், ஒன்று இன்னொன்றில் தாராளமாக ஏறிக்கொள்ளும். நீள பிளக் ஹெரால்டில் ஏறினால் அறைக்குள் நீட்டிக்கொள்ளும். குட்டை பிளக் அம்பாசடரில் ஏறினால் மிச்ச நூலில் கரி அடைத்துக்கொள்ளும். ரோட்டரியில் இதே தவறின் விலை பல மடங்கு. ஆகவே "நூல் பொருந்தினால் போதும்" என்ற பேச்சை ரோட்டரிக்கு அறவே விட்டுவிட வேண்டும்.

ஹாட்டா, கோல்டா?

இந்த விவாதத்தில் இருதரப்புக்கும் நியாயம் உண்டு. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியவர்கள், பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் நான்கு இடத்திலும் 9ஆம் எண்ணைப் போடுகிறார்கள். சிலர் அதைவிடக் கோல்ட்டுக்கும் போகிறார்கள். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு அது பாதுகாப்பு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு வண்டியை எடுத்துப்போகிற ஒருவருக்கு அந்த யோசனை பொருந்தும்.

கோபாலபுரத்து வாழ்க்கை வேறு. இங்கிருந்து மயிலாப்பூர் குளம் கூப்பிடு தூரம். கதீட்ரல் சாலை, ராயப்பேட்டை நெடுஞ்சாலை, அண்ணா மேம்பாலம் என்று எங்கே திரும்பினாலும் சிக்னல். முதல் கியர், இரண்டாம் கியர், நிறுத்தம், மீண்டும் முதல் கியர். எஞ்சின் சூடாகிறது, பிளக்கின் மூக்கு மட்டும் 450 டிகிரிக்கு ஏறுவதில்லை. கரி எரியாமல் தங்குகிறது. இந்த ஓட்டத்துக்குப் பந்தயக்காரரின் கோல்ட் பிளக்கைப் போட்டால், சில வாரங்களில் வண்டி மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கும்.

மாற்றம் எதுவும் செய்யாத எஞ்சினுக்கு, தயாரிப்பாளர் குறித்த எண்ணே சரியான தொடக்கம் என்பது என் முடிவு. அதிலிருந்து ஒரு படிக்கு மேல் நகரக் கூடாது. அந்த ஒரு படியும் பிளக்கின் நிறத்தைப் பார்த்த பிறகே. நகர ஓட்டத்தில் கரி பிடிக்கிறது என்பதற்காக ஹாட் பக்கம் போவது ஆபத்தான வழி. அதே கார் ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை வேகமாகப் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் ஹாட் பிளக் எஞ்சினைக் கெடுத்துவிடலாம். கரி பிடித்தால் பிளக்கைச் சுலபமாக மாற்றலாம். உடைந்த ஏபெக்ஸ் சீலை அப்படி மாற்ற முடியாது. சந்தேகம் வந்தால் கோல்ட் பக்கம் நிற்பதே புத்திசாலித்தனம். கரியை நீக்க வாரம் ஒருமுறை வண்டியை நன்றாகச் சூடேறவிட்டு, நீண்ட சாலையில் உயர் சுற்றில் ஓட்டுவது நல்ல வழி.

நிக்கல், பிளாட்டினம், இரிடியம்

நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. கடினமான உலோகத்தில் முனையை ஊசி போல மெல்லியதாகச் செய்யலாம். மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். நீண்ட ஆயுளும் கிடைக்கும். சாதாரணக் காருக்கு இந்த வாதம் முழுக்கச் சரி.

ஆயிலை எரிக்கும் பழைய ரோட்டரியில் பிளக் பெரும்பாலும் தேய்ந்து சாவதில்லை. கரி பிடித்துச் சாகிறது. கரிக்கு உலோகத்தின் விலை தெரியாது. நீண்ட ஆயுளுக்காகக் கூடுதல் பணம் கொடுத்து, அந்த ஆயுளை அனுபவிக்காமலே பிளக்கை எறிய நேரும். ஆகவே நகரத்துக்குள் அதிகம் ஓடும் முதல் இரண்டு தலைமுறைக் கார்களுக்கு நிக்கல் பிளக்கைப் போட்டு, அடிக்கடி மாற்றுவதே லாபம். தயாரிப்பாளரே பிளாட்டினமோ இரிடியமோ குறித்த காருக்கு அதையே போட வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் கற்றுத்தந்தது

ரோட்டரி நமக்கு அந்நியம் என்று நினைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி, பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயில், நகர நெரிசலில் கரி பிடிக்கும் பிளக்: இந்த மூன்றும் டூ-ஸ்ட்ரோக் வண்டியின் குணங்கள். ஓசூரிலிருந்து 1980இல் வந்த டிவிஎஸ் 50 மொபெட், யெஸ்டி, எண்பதுகளின் ராஜ்தூத் 350, 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 என்று அந்த வண்டிகளிலேயே தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கை பழகினார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேர் பிளக்கும் ஸ்பேனரும் இல்லாமல் வெளியூர் கிளம்பாத காலம் அது.

அப்படிப் பழகிய மெக்கானிக் பிளக்கைக் கழற்றியதும் நேரே துடைத்துவிட மாட்டார். முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். வெள்ளைப் பீங்கான் மூக்கு காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். தொட்டால் விரலில் ஒட்டும் உலர்ந்த கருப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் கூடுதல், அல்லது பிளக் அளவுக்கு மீறிக் கோல்ட். எண்ணெய்ப் பளபளப்போடு ஈரக்கரி என்றால் ஆயில். பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. சுண்ணாம்பு போல வெளுத்து, மூக்கில் சிறு கொப்புளங்கள் இருந்தால் அதீதச் சூடு. பீங்கானில் மிளகுத் தூள் போலப் புள்ளிகளோ, அலுமினியப் பொட்டுகளோ தெரிந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டக் கூடாது, எஞ்சின் தட்டியிருக்கிறது. இந்தப் பார்வை அப்படியே ரோட்டரிக்கும் பொருந்தும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டும்: எமரி பேப்பர். டூ-ஸ்ட்ரோக் பிளக்கைத் தேய்த்துப் போடுவது வழக்கம்தான். ஆனால் எமரியின் துகள் ரோட்டரி அறைக்குள் விழுந்தால், ஹவுசிங்கின் குரோமியப் பூச்சைக் கீறும். பிளாட்டினம், இரிடியம் முனைகளும் தேய்ப்பைத் தாங்காது. பழைய பிளக்கைக் காப்பாற்றுவதைவிட மாற்றிவிடுவது மலிவு.

எரிபொருளும் காற்றும்

சென்னையில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல் வந்தது. 2000 பிப்ரவரிக்குள் நாடு முழுதும் ஈயம் போயிற்று. பிளக்குக்கு அது நன்மையே. ஈயப் படிவு ஒழிந்தது. அடுத்த மாற்றம் எத்தனால். 2022இல் 10 சதவீதக் கலப்பு எட்டப்பட்டது; 2023இல் 20 சதவீதக் கலப்புப் பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது.

எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளது. பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவையென்றால், 20 சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5 பங்கு போதும். கார்புரேட்டர் இதை அறியாது; பழைய ஜெட்டின் வழியே பழைய அளவையே விடும். கலவை ஏறத்தாழ 8 சதவீதம் மெலிந்துபோகும். எத்தனால் தட்டலைத் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்பது உண்மை; ஆனாலும் மெலிந்த கலவையில் பிளக் வெளுக்கத் தொடங்கும். அப்போது கோல்ட் பிளக் தேடுவது நோயை மறைக்கும் மருந்து. கார்புரேட்டர் ஜெட்டைச் சரிசெய்வதே சிகிச்சை. முதல் தலைமுறை ஆர்எக்ஸ்-7க்கு இது மிகவும் பொருந்தும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் கிடந்த பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பிளக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

வடகிழக்குப் பருவமழையின்போது இன்னொரு தொல்லை. கடற்காற்றின் உப்பும் ஈரமும் பிளக்கின் வெளிப்பீங்கானில் படிந்து, மின்சாரம் வெளிவழியாகவே எர்த்துக்கு ஓடிவிடும். ரப்பர் மூடிகள் வெடித்திருந்தால் அக்டோபருக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பிளக்கின் மேல் விழும் பழி

பிளக் அடைக்கிறது என்று வரும் வண்டிகளில் குற்றவாளி வேறாக இருக்கலாம். பலவீனமான காயில், தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, உள்ளே அறுந்த ஹை டென்ஷன் ஒயர், சோர்ந்த பேட்டரி ஆகிய எதுவானாலும் பொறி மெலிந்து பிளக்கில் கரி சேரும். டிரெய்லிங் பொறி முழுக்கச் செத்துப்போனாலும் ரோட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். சக்தி கொஞ்சம் குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். உரிமையாளர் மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுவது இதனால்தான். ஆர்எக்ஸ்-8இல் நான்கு பிளக்குக்கும் நான்கு தனிக் காயில். புது பிளக் போட்டும் மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் முதலில் காயிலைப் பார்க்க வேண்டும்.

நம் குடியிருப்புகளுக்கே உரிய இன்னொரு காரணம் உண்டு. பின்னால் நிற்கும் காருக்கு வழிவிட, குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்து, கேட்டுக்கு வெளியே நகர்த்தி, உடனே அணைத்துவிடுவார்கள். குளிர் எஞ்சினுக்குக் கொடுத்த கூடுதல் பெட்ரோல் எரியாமல் பிளக்கை நனைத்துவிடும். அடுத்தமுறை எவ்வளவு சுற்றினாலும் பற்றாது. ஸ்டார்ட் செய்தால் சூட்டுமானியின் முள் ஏறும்வரை ஓடவிட வேண்டும். இல்லையேல் நியூட்ரலில் போட்டுக் கையால் தள்ளிக்கொள்ளலாம்.

வாங்குவதும் பூட்டுவதும்

ரோட்டரி பிளக் உள்ளூரில் வேகமாக விற்கும் சரக்கு இல்லை. பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். ஒரு செட் தேவைப்படும்போது இரண்டு செட் வாங்கி வைப்பது நல்லது. எழுத்து மங்கிய பிளக், நூல் ஒழுங்கில்லாத பிளக், வாஷர் கழன்று விழும் பிளக், நடு முனை ஒருபக்கம் சாய்ந்த பிளக் எதையும் வாங்க வேண்டாம். அசல் பிளக்கில் வாஷர் சுலபமாகக் கழலாது.

ஹவுசிங் அலுமினியம். எஞ்சின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். புது பிளக்கைக் கையாலேயே முழுக்கத் திருகி, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்று கொடுத்தால் போதும். பலம் காட்டினால் நூல் போய்விடும்.

தேர்வின் வரிசை

மேலே பார்த்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வரிசை தெளிவு. முதலில் தயாரிப்பாளர் குறித்த எண். லீடிங்குக்கு லீடிங், டிரெய்லிங்குக்கு டிரெய்லிங். இரண்டாவது, பொறியின் பலமும் கார்புரேட்டரும் சரிதானா என்ற சோதனை. மூன்றாவது, நம் ஓட்டம்: தெருவா, நெடுஞ்சாலையா, பந்தயத் தடமா. நான்காவதாகத்தான் உலோகமும் விலையும். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள்தான் மாதம் ஒரு செட் பிளக் வாங்குகிறார்கள்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் சாலையிலிருந்து மறைந்துவருகின்றன. பிளக்கைப் பார்த்து எஞ்சினைப் படிக்கத் தெரிந்தவர்களும் தொழிலைவிட்டு விலகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். பழைய ரோட்டரி வைத்திருப்பவர் அவர்களில் ஒருவரைத் தேடிப் போய், ஒரு இளம் மெக்கானிக்கையும் பக்கத்தில் நிறுத்தி, தன் காரின் நான்கு பிளக்குகளையும் காட்டிக் கேட்க வேண்டும். தேதி, ஓடிய தூரம், பிளக் எண், நிறம், ஊற்றிய பெட்ரோல் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். கோபாலபுரத்தில் ஓடும் காருக்கு எந்த பிளக் சரி என்பதற்கு அந்த நோட்டைவிட நம்பகமான சான்று வேறு எந்த நாட்டிலிருந்தும் வரப்போவதில்லை.